முடி கொட்டியதால் நான் விலகவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். மரியாதையெல்லாம் இதோடு சரி, மணி அடித்துவிடுவீர்கள்.

பல வருடம் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படித்த ரசிகனுக்கு அது சலித்துப்போகக் காரணம் அவன் வயதா, அந்தக் கதைகளா? கதைகள்தான் என்று பேச வந்திருக்கிறேன். காரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா அந்தத் தாளைப் பிரிக்கவே விடவில்லை. என்ன சொன்னார்? "பேட்மேனுக்கு வயதாகவில்லை, இவருக்கு ஆகிவிட்டது, சந்தேகம் இருந்தால் தலையைப் பாருங்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார், அவர் தலையும் என் தலை மாதிரிதான் இருக்கிறது, அவருக்கு என்ன சந்தோஷமோ!

சரி அக்கா, முடி விஷயத்துக்கே வருவோம். 1992 கடைசியில் சூப்பர்மேன் செத்தார். டூம்ஸ்டே என்ற அரக்கனும் அவரும் மெட்ரோபாலிஸ் தெருவில் அடித்துக்கொண்டு இரண்டு பேருமே விழுந்தார்கள். அந்த இதழைக் கறுப்பு உறையில் போட்டு, உள்ளே கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் வைத்து விற்றார்கள். ரசிகன் அதைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதான். அடுத்த வருடமே ஆள் எழுந்து வந்துவிட்டார். வந்ததுகூடப் பரவாயில்லை, தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு வந்தார்! செத்தவருக்கு வளர்கிறது, உயிரோடு இருக்கிற எனக்குக் கொட்டுகிறது.

இருங்கள், இன்னும் இருக்கிறது. சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர் என்றாலே மொட்டைத் தலைதானே? அந்த ஆளே அப்போது மூளையை ஒரு குளோன் உடம்புக்கு மாற்றிக்கொண்டு, செம்பட்டை முடியும் தாடியுமாக, "நான் லூதருடைய மகன்" என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு சூப்பர்மேன் சாவுக்கு வந்து நின்றார். அக்கா, அந்த உலகத்தில் வழுக்கைகூட நிரந்தரமில்லை, சாவு மட்டும் எப்படி நிரந்தரமாக இருக்கும்? சாவுக்கே மதிப்பில்லாத கதையில் எதற்காக நான் பயப்படுவது, எதற்காக அடுத்த இதழுக்குக் காத்திருப்பது?

எக்ஸ்-மென் குழுவில் இருந்த ஜீன் கிரே 1980இல் செத்து 1986இல் திரும்பினார். பேட்மேனின் கூட்டாளி ராபினாக இருந்த ஜேசன் டாட் கதை இன்னும் மோசம். 1988இல் அந்தப் பையன் இருக்கட்டுமா, போகட்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் ஓட்டுப் போடச் சொன்னார்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். வெறும் 72 ஓட்டு வித்தியாசத்தில் கொன்றார்கள். 2005இல் பையன் திரும்பி வந்தான். அந்த 50 சென்ட் மட்டும் யாருக்கும் திரும்பி வரவில்லை.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று உண்டு. ஸ்பைடர்மேனை வளர்த்த மே ஆன்ட்டி. 1995, அமேசிங் ஸ்பைடர்மேன் 400ஆவது இதழ். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நின்று, "நீ யாரென்று எனக்குப் பல வருடமாகவே தெரியும்" என்கிற மாதிரி பீட்டரிடம், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேனிடம், சொல்கிறார். அப்புறம் வீட்டுக் கட்டிலில், பையன் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்ணை மூடுகிறார். அடிதடி இல்லை, வில்லன் இல்லை. அந்த இதழைப் படித்துவிட்டு அழாத ரசிகனை நான் பார்த்ததில்லை.

1998இல் என்ன சொன்னார்கள் தெரியுமா? செத்தது மே ஆன்ட்டியே இல்லையாம். நடிகையாம்! ஸ்பைடர்மேனின் வில்லன் நார்மன் ஆஸ்பார்ன் ஏற்பாடு செய்து, மரபணுவையே மாற்றி அனுப்பிய நடிகை. அசல் ஆன்ட்டியை அவர் அடைத்து வைத்திருந்தாராம். யோசித்துப் பாருங்கள், அந்த அம்மா எப்பேர்ப்பட்ட நடிகை! யாரும் இல்லாத இடத்திலும் நடித்திருக்கிறார், கட்டிலில் படுத்தும் நடித்திருக்கிறார், கடைசியில் வேடத்தைக் கலைக்காமல் செத்தே போயிருக்கிறார். சம்பளப் பாக்கியை யார் வாங்கினார்கள்? பீட்டர் யாருக்குக் காரியம் செய்தான்? நாங்கள் யாருக்காக அழுதோம்? சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தேன்.

அப்புறம் என் அம்மா போனார். எல்லோரும் கிளம்பிப்போன ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், பெட்டியைத் திறந்து அந்த 400ஆவது இதழைத் தேடி எடுத்தேன். அம்மாவிடம் நான் சொல்லாத விஷயங்கள் நிறைய. 'இவருக்கும் எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கும்' என்று நினைத்துக்கொள்ள எனக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது நடுவர் அவர்களே, வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு பக்கம். பாதி படிக்கும்போதே மனசு சொல்லிவிட்டது, இது அந்த நடிகைதானே என்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு புது இதழ் எதையும் வாங்கத் தோன்றவில்லை.

அக்கா இதற்கும் என் வயதைத்தான் சொல்வார் என்றால் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.