பாடப் பட்டியலை எடுத்து வாசியுங்கள்

வணக்கம் நேயர்களே. உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் வந்த கையோடு மட்டக்களப்பில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புவோமா? இணைந்த கணிதம் படிப்பித்த காலம் முழுக்க என்னிடம் வந்த கேள்வி இது. நான் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்க முதல், அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்து வாசியுங்கள்.

படுவான்கரையில் வயல் செய்கிற ஒரு தகப்பன் மகளோடு வந்தார். கையில் ஏஜென்சிக்காரர் கொடுத்த பளபளப்பான புத்தகம். "ரீச்சர், உலகத்திலயே பேர்பெற்ற கெம்பஸாம். காணிய ஈடு வைப்பமெண்டு இருக்கன்" என்றார். மகள் வேறொரு பல்கலைக்கழகத்தையும் பார்த்து வைத்திருந்தாள். அதன் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சரி, இரண்டினதும் மூன்று வருடப் பாடப் பட்டியலை இணையத்தில் எடுத்து அச்செடுத்து வாருங்கள் என்றேன்.

விறாந்தை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். மகளிடம் சிவப்புப் பேனையைக் கொடுத்து, கணிதம் வருகிற இடமெல்லாம் கோடு போடச் சொன்னேன். பேர்பெற்ற இடத்தின் பட்டியலில் முதல் வருடத்தில் ஒரே ஒரு கோடு. அதற்குப் பிறகு இணைய வடிவமைப்பு, திட்ட முகாமைத்துவம், மின்வணிகம் என்று போனது. மற்றதில் டிஸ்க்ரீட் மெத்ஸ், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு எல்லாம் முதல் வருடத்திலேயே. பிறகு அல்கோரிதம் என்கிற படிப்படியான தீர்வு முறைகள், பணிசெயல் முறைமை, நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றும் கொம்பைலர். தகப்பனுக்கு அந்தச் சொற்கள் விளங்கவில்லை, சிவப்புக் கோடுகள் விளங்கின. "அப்ப முதலாவதில படிக்கிறது கம்ப்யூட்டரா, யாவாரமா ரீச்சர்?" என்று கேட்டார். அதுவும் ஒரு பட்டம்தான் ஐயா, ஆனால் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது அது இல்லை என்றேன். மகள் பார்த்து வைத்த இடத்துக்கே விண்ணப்பித்தார்கள்.

கணிதத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? பைதன், ஜாவா போன்ற நிரல் மொழிகளை வீட்டிலிருந்தே, காசில்லாமல் பழகலாம். ஆனால் 10 இலட்சம் பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 50,000 கோடி ஒப்பீடு. பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி, சேர்த்துக்கொண்டு போனால் சுமார் 2 கோடியில் முடிந்துவிடும். அந்த வித்தியாசத்தைத் தானாகக் கணக்கிட்டு நிறுவத் தெரிந்த பிள்ளைதான் கணினி விஞ்ஞானம் படித்த பிள்ளை. அதை நிறுவச் சொல்லி, பிழையைத் திருத்திக் கொடுக்க ஒரு விரிவுரையாளர் வேண்டும். காணியை ஈடு வைப்பது அதற்காக இருக்கட்டும்.

தரவரிசை பார்க்கக் கூடாதா என்பீர்கள். பாருங்கள், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து பாருங்கள். கியூஎஸ் என்கிற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் 30 வீதம், கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் புள்ளி. இன்னொரு 20 வீதம் ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு. ஒரு விரிவுரையாளருக்கு எத்தனை மாணவர் என்பதற்கு 10 வீதம்தான். இரண்டாம் வருடத்தில் கொம்பைலர் படிப்பிக்கிறார்களா என்பது அதில் எங்கேயும் இல்லை. அதற்குத்தான் திரும்பவும் சொல்கிறேன், பட்டியலை வாசியுங்கள்.

பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், அதனால் சுருக்கமாக. ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 2017 முதல் எங்களைப் போன்றவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவை வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக ஆனது. இளமாணிப் படிப்பு அங்கே பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான். இந்தியாவில் படிக்க விரும்புவோர், தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே உள்ள ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலைப் பற்றி இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். அப்புறம், எந்த நாடாக இருந்தாலும், அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே முற்பணம் கட்டுங்கள். வணக்கம்.