பக்கத்தில் யாரை உட்கார வைப்பது?

[காட்சி: நீடாமங்கலம், வெண்ணாற்றங்கரையோரம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. மதிய உணவு மணி அடித்துவிட்டது. குழாயடியில் வரிசை.]

வரிசையில் நிற்கும் ஒரு பையனுக்கு டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே வரும், கற்பதை மெதுவாக்கும் மரபணு மாற்றம். முன்னால் நிற்கும் சிறுமி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் குழாயைத் திருகுகிறாள். அவனும் இடுக்குகிறான். தட்டு நழுவிக் கணீரென்று விழுகிறது. எடுத்து, முழங்கையை இன்னும் இறுக்கிக்கொள்கிறான். இதை அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை.

[காட்சி: அவன் முழங்கை, அண்மையில்.]

பார்த்துக் கற்பதற்கு நான்கு தேவை என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா: கவனிப்பது, மனத்தில் நிறுத்துவது, செய்து பார்ப்பது, செய்வதற்கு ஓர் ஆசை. ஆசைக்கு இங்கே குறைவில்லை, சோறு காத்திருக்கிறது! நாம் கோட்டை விடுவது முதலாவதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பள்ளியில் இடம் வாங்கித் தந்துவிட்டது. ஆனால், கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்தால் முதுகுகளைத் தவிர வேறெதைப் பார்ப்பான்?

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குப் பார்த்துச் செய்வதையே முதலில் பழக்க வேண்டியிருக்கும். பார்வையில்லாத பிள்ளை என்றால், தோழியின் கைமேல் கைவைத்துத்தான் 'பார்க்கும்'.

[காட்சி: வகுப்பறை.]

சரி, யாரைப் பார்க்க வைப்பது? முதல் மதிப்பெண் எடுப்பவனையா? அவன் விரல் வேகத்துக்குக் கண்ணே ஈடுகொடுக்காது. கணக்கில் திணறும் பிள்ளைகளிடம் 1980களில் கல்வி உளவியலாளர் டேல் ஷங்க் குழுவினர் ஆய்வு நடத்தினார்கள். தடுமாறித் தடுமாறிச் செய்து முடிக்கும் சக மாணவரைப் பார்த்தவர்களுக்கு, 'என்னாலும் முடியும்' என்ற நம்பிக்கை கூடியது. ஆகவே, ஒரு படி மட்டும் முன்னால் இருப்பவரைத் தேடுங்கள்.

இதில் பெரிய இடைஞ்சல் பாசம்தான். "பாவம், அவனுக்கு வராது" என்று பையைத் திறந்து, பென்சில் சீவி, பொத்தான் மாட்டிவிடத் தோழர்கள் முண்டியடிப்பார்கள். ஆசிரியர் சொல்ல வேண்டியது: "நீ உன் பொத்தானை மாட்டு, அவன் பார்க்கட்டும்."

[காட்சி: திண்ணை, பல்லாங்குழி.]

பார்த்துச் செய்வதற்குப் பல்லாங்குழி அருமையான பயிற்சி. எதிராளியின் கை கண்ணுக்கு நேரே; குழிக்கு ஒரு காய்; அவர் முறை முடிந்ததும் நம் முறை. புளியங்கொட்டை விரலுக்குப் பிடிபடவில்லையா? சோழிக்கு மாறுங்கள்.