டைவ் படகில் சார்ஜர் செருகுவதற்கு முன்

வணக்கம் மக்களே. பின்னால் உறுமிக்கொண்டிருப்பது ஜெனரேட்டர், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில், வாவு அட்டோல் என்கிற பவளத் தீவுக் கூட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒரு லைவ்அபோர்ட் படகின் சலூனில், அதாவது எல்லோரும் கூடுகிற பொது அறையில் உட்கார்ந்து பேசுகிறேன். படகிலேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, நாள் முழுக்க டைவ் அடிக்கிற பயணம் இது. சற்று முன்புதான் அலிமதாவில் நைட் டைவ் முடித்து வந்தோம். நர்ஸ் ஷார்க் வீடியோ தனியாக வரும், அவசரப்படாதீர்கள். இன்றைக்குக் காட்டப்போவது இந்த மேசையைத்தான். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.

இடமிருந்து வலம் போவோம். கேமரா பேட்டரி சார்ஜர். அதன் பக்கத்தில் ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்கடியில் பயன்படுத்துகிற ஃபிளாஷ், அதன் பேட்டரிகள். வீடியோ லைட்டு. மூன்று நான்கு டார்ச். ட்ரோன் பேட்டரி. லேப்டாப். போன்கள், பவர் பேங்குகள். எல்லாம் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் மல்டிபிளக்கில், அந்த மல்டிபிளக்கில் இன்னொரு மல்டிபிளக். மேலே யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். நான் எடுத்துவிட்டேன், யாருடையது என்று தெரியவில்லை.

டைவ் படகில் ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரிலிருந்து ஏறுவோம், ஒரே நேரத்தில் செருகுவோம், சாப்பிட்டுவிட்டு ஒரே நேரத்தில் தூங்கப் போவோம். மேசையில் பேட்டரிகள் அதிகமாக இருக்கிற நேரமும், ஆள் இல்லாத நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். கலிஃபோர்னியாவில் கான்செப்ஷன் என்று 75 அடி நீளமுள்ள ஒரு டைவ் படகு. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, சான்டா குரூஸ் தீவை ஒட்டி நங்கூரமிட்டு நின்றிருந்தபோது தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 33 பயணிகளும் ஒரு பணியாளரும், ஆக 34 பேரும் இறந்துபோனார்கள். மேல்தளத்தில் படுத்திருந்த ஐந்து பணியாளர்கள் மட்டும் தப்பினார்கள். கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன, ஆனால் இரண்டுமே மேலே எரிந்துகொண்டிருந்த சலூனுக்குள்தான் திறந்தன.

தீ எதனால் மூண்டது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உறுதியாகச் சொல்லவில்லை. படகு எரிந்து மூழ்கிவிட்டது. சலூனின் பின்பகுதியில் தொடங்கியது என்றார்கள். படகின் மின் இணைப்பு, கவனிப்பாரில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிகள், அணைக்காமல் போட்ட சிகரெட் போன்றவை காரணமாக இருக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: இரவில் சுற்றிவந்து பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை. அந்தக் கேப்டனுக்கு 2024 மே மாதம் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். விபத்து நடந்த சில நாட்களிலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை, ஆள் பார்க்காமல் லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்வதையும் மல்டிபிளக், எக்ஸ்டென்ஷன் வயர்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதையும் குறைக்கச் சொல்லிப் படகுக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது.

அதனால் என் கொள்கை ஒன்றே ஒன்று. நான் விழித்திருந்து, கண் படும் தூரத்தில் இருந்தால்தான் என் சார்ஜர் பிளக்கில் இருக்கும். தூங்கப் போகும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். இதில் பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. டைவுக்குப் போகும்போதும் கழற்ற வேண்டும். மாலத்தீவில் சிலிண்டரும் கம்ப்ரஸரும் பெரும்பாலும் தோணி என்கிற தனிப் படகில் இருக்கும். நாமெல்லாம் தோணியில் ஏறிப் போய்விடுவோம், பெரிய படகின் சலூன் காலியாகக் கிடக்கும். இரவு மூன்று மணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் எப்போதுதான் சார்ஜ் செய்வது? நேரம் நிறையவே இருக்கிறது, வரிசையைத்தான் மாற்ற வேண்டும். ஆக்‌ஷன் கேமரா பேட்டரி சின்னது, ஏழு வாட் அவர் (பேட்டரி சேமிக்கிற மின்சாரத்தின் அளவு) போல இருக்கும், காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும். இழுப்பது டார்ச் பேட்டரிதான். இதோ, இது 21700 செல். 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவுதான். இதன் கொள்ளளவு 5000 எம்ஏஎச், அதாவது ஐந்து ஆம்பியர் மணி. ஒரு ஆம்பியர் கொடுக்கிற சார்ஜரில் போட்டால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். செல் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் இரண்டு ஆம்பியர் சார்ஜர் வாங்குங்கள், நேரம் பாதியாகக் குறையும். அதனால் மதியம் கிடைக்கிற நீண்ட இடைவெளியில் முதலில் டார்ச், மற்றதெல்லாம் பிறகு. அதோடு எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பேர் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கச் செருகி வைக்கத் தோன்றுவதே ஸ்பேர் இல்லாததால்தான். பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள், வெட்சூட்டில் வேண்டுமானால் பிடியுங்கள்.

அடுத்தது உப்புத் தண்ணீர். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஹோட்டல் அறையில் சார்ஜ் செய்வதற்கும் இங்கே செய்வதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

ஹவுசிங், அதாவது கேமராவுக்குப் போடுகிற தண்ணீர் புகாத பெட்டி, அதைத் திறக்கிற அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். மூடியின் விளிம்பில், தண்ணீர் புகாமல் தடுக்கிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தின் பள்ளத்தில் ஒரு சொட்டு எப்போதும் ஒளிந்திருக்கும். நீங்கள் குனிந்தால் தலைமுடியிலிருந்து இன்னொரு சொட்டு. அது நேராகப் பேட்டரியின் முனையில் விழும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஈரமான யூஎஸ்பி துளையில் கேபிளைச் செருகினால், மின்சாரமும் உப்பும் சேர்ந்து உள்ளே இருக்கிற உலோகத்தைக் கண்முன்னே அரித்துவிடும். பச்சை நிறத்தில் பொடி மாதிரி தெரிந்தால் அதுதான்.

நான் செய்வது இப்படி. படகுக்கு வந்ததும் கேமராவை ஹவுசிங்கோடு நன்னீர்த் தொட்டியில் ஊறவிடுவேன். பிறகு குளித்து, தலை துவட்டி, உலர்ந்த சட்டை போட்டுக்கொண்டுதான் சலூனுக்குள் வருவேன். ஹவுசிங்கைத் திறக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்துத் துடைத்துத் திறப்பேன், அப்போது சொட்டு உள்ளே போகாமல் வெளியே விழும். போன் ஈரமாக இருக்கிறது என்று அதுவே எச்சரிக்கை காட்டினால் மதித்து நடங்கள், கேபிளை எடுத்துவிட்டுக் காற்றாட வையுங்கள். அரிசிப் பையில் போடாதீர்கள். துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது. அரிசி சோற்றுக்குத்தான்.

டார்ச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்? அதன் கதையே வேறு. உள்ளே உப்புத் தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்தால் வாயு உண்டாகும், அழுத்தம் ஏறும். மூடியைத் திருகும்போது அது துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கக்கூடும். முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கவே கூடாது, ஆட்கள் இல்லாத திசையில் நீட்டி, மெதுவாகத் திருகுங்கள். சூடாக இருந்தாலோ, சீறல் சத்தம் கேட்டாலோ திறக்கவே வேண்டாம், திறந்த தளத்துக்குக் கொண்டுபோய்ப் பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த பேட்டரியை உலர்த்தி மறுபடி சார்ஜ் செய்யலாமா என்றால், கூடாது. பார்க்க நன்றாக இருந்தாலும் கூடாது. உப்பிய பேட்டரிக்கும், கீழே விழுந்து நசுங்கிய பேட்டரிக்கும் இதே பதில்தான்.

பிளக் விஷயத்துக்கு வருவோம். மாலத்தீவில் 230 வோல்ட், நம் ஊர் மாதிரியே. சாக்கெட் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களின் மூன்று சதுரப் பின் வகை. மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்குக் கவலை இல்லை, உங்கள் வீட்டு பிளக்கேதான். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டும். இந்த சாக்கெட்டில் துளைகளுக்குள் ஒரு தடுப்பு உண்டு, மேலே இருக்கிற எர்த் பின் நுழைந்தால்தான் கீழே இரண்டும் திறக்கும். சிலர் பேனாவையோ கரண்டிக் காம்பையோ எர்த் துளையில் விட்டு நெம்பி, இரண்டு பின் பிளக்கைத் திணிப்பார்கள். ஈரக் கையோடு, படகில்! அது லொடலொடவென்று ஆடும், ஆடுகிற இடத்தில் பொறி வரும், பொறி வருகிற இடம் சூடாகும். நூறு இருநூறு ரூபாய் அடாப்டருக்காக இதைச் செய்ய வேண்டுமா?

அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. உங்கள் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் போடலாம். பசிபிக் தீவு நாடான பலாவுக்குப் போனால் அங்கே 120 வோல்ட், பிலிப்பைன்ஸில் 220 வோல்ட்டு ஆனால் தட்டையான அமெரிக்கப் பின், எகிப்தில் செங்கடல் பக்கம் 220 வோல்ட்டும் உருண்டைப் பின்னும். போன், கேமரா, லேப்டாப் சார்ஜர்கள் எல்லாம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஹேர் டிரையரையும் கெட்டிலையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

சர்ஜ் புரொடெக்டர், அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கிற கருவி வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் படகுக்குக் கொண்டுவராதீர்கள். பாதுகாப்புக்குத்தானே என்று கேட்பீர்கள். கரையில் ஒரு வயரில் கரண்ட், இன்னொன்று நியூட்ரல். பல கப்பல்களில் மின் அமைப்பு அப்படி இல்லை, இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒரு வயரை மட்டும் துண்டிக்கிற, கரைக்கென்று செய்த பெட்டி அங்கே கோளாறு வந்தாலும் முழுதாகத் துண்டிக்காது, உள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. இதற்குப் பதில் நாலைந்து யூஎஸ்பி துளை உள்ள நல்ல கம்பெனி சார்ஜர் ஒன்று போதும். ஒரு பிளக், நாலு கேபிள், முடிந்தது.

விமானத்தில் கொண்டுவருவது பற்றிச் சுருக்கமாக. பவர் பேங்கும் தனி பேட்டரிகளும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கணக்கு எளிது: எம்ஏஎச்சை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 பெருக்கல் 3.7, அதாவது 74 வாட் அவர். 100 வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும், அதற்கு மேல் போனால் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அண்டர்வாட்டர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை முதலில் பாருங்கள். அப்புறம், 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்ததே, அதன்பின் விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டது. விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தைப் பாருங்கள். தனி செல்களை இந்த மாதிரிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போட்டால் ஷார்ட் ஆகும்.

இவ்வளவுக்கும் பிறகு மேசையில் ஒரு பேட்டரி புகைய ஆரம்பித்தால்? முதலில் சத்தம் போடுங்கள், எல்லோரையும் எழுப்புங்கள். லித்தியம் பேட்டரி ஒருமுறை உள்ளே சூடு பிடித்தால் அந்தச் சூடே அடுத்த சூட்டைக் கிளப்பிவிடும், பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. பக்கத்து பேட்டரிக்கும் தாவும். வரும் புகை நச்சு, மூச்சில் இழுக்காதீர்கள். சுவிட்சை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, தீயணைப்பானால் சுவாலையை அடக்கி, அதன்பின் பேட்டரி மேல் தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். ஐஸ் கட்டியால் மூடாதீர்கள், சூடு உள்ளேயே அடைபடும். கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று தோன்றினால் அது பணியாளர்கள் வேலை, நீங்கள் வெளியே திறந்த தளத்துக்குப் போங்கள். கேமராவை எடுக்கத் திரும்பி வராதீர்கள்.

படகு பதிவு செய்யும்போதே நான் மெயிலில் கேட்பவை இவை. இரவில் விழித்துச் சுற்றிவர ஆள் உண்டா? சார்ஜ் மேசைக்கு மேலே புகை அலாரம் இருக்கிறதா? கீழ் அறைகளிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? இந்தப் படகில் அந்த வழி முன்தளத்துக்கு வருகிறது, ஏறிய அன்றே இருட்டில் ஒருதரம் நடந்து பார்த்துவிட்டேன். நீங்களும் கேளுங்கள். நல்ல படகுக்காரர் கோபிக்க மாட்டார், போட்டோவே எடுத்து அனுப்புவார். "அதெல்லாம் கவலைப்படாதீர்கள் சார்" என்று மட்டும் பதில் வந்தால் நான் வேறு படகு தேடுவேன்.

அடுத்த வீடியோவில் ஓ-ரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் தடவலாம் என்று பார்க்கலாம், பலர் அதில் வெண்ணெய் மாதிரி அப்பிவிடுகிறார்கள். வருகிறேன் மக்களே.