இறந்த பாத்திரத்துக்கு ஒரு நடுகல்

(சேலம் அஸ்தம்பட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கணினி விளையாட்டைப் பற்றிய கூட்டம் என்று அறிந்தும் தயங்காமல் இந்த மாடி அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டிலிருந்து மழையில் இறங்கி வந்திருக்கும் காப்பித் தோட்டத்து நண்பர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொற்களுக்கு நன்றி. சென்ற ஆண்டு இதே மேடையில் நடுகற்களைப் பற்றிப் பேசிய தமிழாசிரியர் ஐயா இன்றும் வந்திருக்கிறார். என் உரையின் பாதி அவரிடம் கற்றது.

ஆளுக்கொரு கற்பனை வீரனை வளர்த்து ஆடும் இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் நிரந்தர மரணம் என்னும் விதி எவ்வாறு தோன்றியது, ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தை அது எப்படி மாற்றுகிறது, அவ்வாறு இறந்த பாத்திரத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன என்னும் மூன்றையும் பேச விரும்புகிறேன்.

பொதுவாக இத்தகைய ஆட்டங்களில் பாத்திரம் இறந்தால் சிறிது நேரத்தில் வேறோர் இடத்தில் உயிர்த்தெழும். நிரந்தர மரணத்தில் அந்த வழி இல்லை. பல மாதம் வளர்த்த வீரனும் அவன் சேர்த்த வாளும் கவசமும் ஒரே நொடியில் போய்விடும். இது இன்று நேற்று வந்த கொடுமையன்று. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் எழுத்துவழி ஆட்டத்திலேயே, சண்டையில் கொல்லப்பட்ட பாத்திரம் அடியோடு அழிந்துபோகும் நிலை இருந்தது. 2000இல் வந்த ‘டயாப்லோ 2’ ஹார்ட்கோர் என்ற பெயரில் இதைத் தனி முறையாகவே வைத்தது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ ஆட்டத்தில் ஆடுபவர்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்டு ஒற்றை உயிரோடு ஆடி வந்தார்கள். அதைக் கண்ட பிளிசார்டு நிறுவனம் 2023 ஆகஸ்டில் அதற்கெனவே சர்வர்களைத் திறந்தது. கேட்டு வாங்கிய மரணம் அது. ஏன் கேட்டார்கள்? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் ஊர் வெயிலில் நடந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பக் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான், ஒரு குகையின் வாசலில் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஐந்து பேர் கால்மணி நேரம் கலந்து பேசுகிறார்கள்.

என் அக்காள் மகன் ஏற்காட்டில் இருக்கிறான். ஏழு மாதமாக இந்த ஒற்றை உயிர் ஆட்டத்தில் ஒரு கேடயவீரனை வளர்த்தான். மலைமேல் கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயரால் அவனுக்குச் சேர்வராயன் என்று பெயரிட்டிருந்தான். ஐப்பசி மாதத்து இரவொன்றில் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆத்தூர்ப் பையன் ஒருவன், ஓமலூர்ப் பையன்கள் இருவர், மலேசியாவில் ஈப்போவில் வேலை செய்பவர் ஒருவர், இவன் என ஐந்து பேரும் குகைக்குள் இறங்கியிருந்தார்கள். முன்னால் நின்று அடிவாங்குவது இவன் பொறுப்பு. மின்சாரம் போனது, இன்வெர்ட்டர் இருந்ததால் கணினி அணையவில்லை. ஆனால் மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. பையன் ஒரு சொல்லும் பேசாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல், சிக்னல் கிடைக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடினான். நான் டார்ச்சோடு பின்னால் ஓடினேன். அங்கே போனதும் அழைப்பு வந்தது. ஆத்தூர்ப் பையனின் குரல் எனக்கும் கேட்டது. “டேய், நீ அசையாம நின்னுட்டடா. நாங்க நாலு பேரும் உன்னச் சுத்தி நின்னு பாத்தோம். முடியலடா.” இணைப்பு அறுந்தாலும் பாத்திரம் சிறிது நேரம் களத்திலேயே நிற்கும் என்பது ஆடுபவர்கள் அறிந்தது, அந்தச் சிறிது நேரம் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, தலை துவட்டாமல் திண்ணையில் உட்கார்ந்தான். இந்த ஆட்டத்தை நாள்தோறும் ஏசி வந்த என் அக்காள் சுக்குக் காப்பியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, “அவம் பேரு என்னடா சாமி?” என்று கேட்டாள். சொன்னான். “எழுதி வெச்சுக்க. மறந்துருவ,” என்றாள். எழுத்தறியாத என் அக்காள் சொன்ன அந்தச் சொல்லிலிருந்துதான் இன்றைய என் கோரிக்கை பிறந்தது.

களத்தில் மாண்ட வீரனுக்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று கல்லைத் தேடுவதிலிருந்து நாட்டுவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு காத்த மண்ணில், ஏழு மாதம் தோழரைக் காத்த ஒருவனின் பெயர் நண்பர் பட்டியலிலிருந்து ஓசையின்றி நீங்கிப்போவதை நான் ஏற்கமாட்டேன்.

எனவே ஆட்டங்களை நடத்துவோரிடம் இரண்டு கேட்கிறோம். இறந்த பாத்திரத்தின் பெயர், ஆட்டத்தில் எட்டியிருந்த நிலை, இறந்த இடம், காரணம் ஆகியவை எவரும் பார்க்கும்படி அந்த ஆட்டத்துக்குள்ளேயே நிலைத்திருக்க வேண்டும். ஆடுபவரின் பிழையால் அன்றி, இணைப்பு அறுந்து நேர்ந்த சாவைச் சாவாகக் கொள்ளக் கூடாது. வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் தப்புவார்களே என்பார்கள். அந்தத் தடையில் நியாயம் உண்டு. களத்தில் அடிபடும்போது அறுந்ததை மட்டும் தனியாக ஆய்ந்து தீர்க்கலாம். முடியாத காரியமன்று. 2025 மார்ச்சில் சர்வர்கள்மீது நடந்த தாக்குதலால் இணைப்பு அறுந்து ஹார்ட்கோர் பாத்திரங்கள் கூட்டமாக மாண்டபோது, அவற்றை உயிர்ப்பிப்பதாக பிளிசார்டு நிறுவனமே அறிவித்தது. பலர் பார்க்க மாண்டவர்களுக்குக் கிடைத்த நியாயம், மலையில் ஒற்றை மோடத்தை நம்பி ஆடும் பையனுக்கும் கிடைக்க வேண்டும். நிழலின் அருமை வெயிலில் தெரியும்தான். அதற்காக, மரத்தை வேறொருவர் வெட்டிவிட்டு வெயிலின் பாடம் என்று சொல்வதை ஒப்ப முடியாது.

வாசலருகே மேசையில் நீளநோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். கோரிக்கையில் கையொப்பமிடுபவர்கள், தாம் இழந்த பாத்திரத்தின் பெயரையும் அதில் எழுதுமாறு வேண்டுகிறேன். முதல் வரியை என் அக்காள் மகன் எழுதிவிட்டான்: சேர்வராயன், கேடயவீரன், நிலை 57, குகையின் இரண்டாம் வாயில், மழை.