முடி தன் கணக்கில்தான் வளரும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள் நான். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில் கவுண்டரில் என்னிடம் வந்த கேள்வி ஒன்று உண்டு. "முடி கொட்டுறதுக்குப் புதுசா ஏதாவது மருந்து வந்திருக்கா?" அதைப் பற்றி இன்று கொஞ்சம் சத்தமாகவே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் அக்கா மகளிடமிருந்து தொடங்குகிறேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தீபாவளி விடியற்காலையில் அக்கா அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்தபோது, விரலுக்கு ஓரிடம் வழுவழுவென்று பட்டது. முடியை விலக்கிப் பார்த்தால், ஐம்பது காசு அளவுக்கு வெறும் தோல். வலி இல்லை, அரிப்பு இல்லை. புழுவெட்டு என்போமே, அதுதான். பெயரைக் கேட்டுப் புழு எதுவும் இருப்பதாக நினைக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது. தொற்றாது. திரும்பவும் சொல்கிறேன், தொற்றாது. அவள் சீப்பைத் தொடாதே என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் அழவைத்துவிடாதீர்கள்.

ஆறு மாதத்தில் பாதித் தலைக்கு மேல் போய்விட்டது. 2022 ஜூனில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு, கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிட்டினிப் மாத்திரையைக் கொடுக்கலாம் என்று ஒப்புதல் தந்தது. செய்தியைப் பார்த்த அன்று இரவே எனக்கு ஃபோன் வந்தது. "சித்தி, எனக்குக் கிடைக்குமா?" பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்ததை அவளுக்குப் படித்துச் சொல்லும்போது என் தொண்டை அடைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ரிட்லெசிட்டினிப் வந்தது, பன்னிரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று. மறுபடியும் ஃபோன்.

ஆனால் அங்கே ஒப்புதல் என்றால் மறுநாள் சிங்கப்பூர் மருந்தகத்தில் இருக்கும் என்று அர்த்தமில்லை. நம் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அந்த நிறுவனம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேறொரு நாட்டு ஆணையம் ஏற்கெனவே அலசி ஒப்புதல் தந்த மருந்தென்றால் சுருக்கமான வழி உண்டு. அந்தச் சுருக்கமான வழிக்கே 180 வேலை நாள் என்று குறித்திருக்கிறார்கள். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறைச் சேர்த்தால் எட்டு மாதத்தைத் தாண்டும். நிறுவனம் விண்ணப்பிக்காதவரை அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?

அதற்கு முன்னால் நடக்கும் சோதனைகள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன? தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவரைச் சித்திரை பிறக்கும்போது பாருங்கள். தலையில் இரண்டு விரல்கடை முடி இருந்தால் அதிகம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதுவும் நல்ல வேர் உள்ளவருக்கு. உதிரும் முடியோ, அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் வளராமல் ஓய்ந்து கிடக்கும். காய்ச்சல் மாத்திரை இரவு போட்டால் காலையில் தெரிந்துவிடும். முடி மருந்து பலித்ததா என்று பார்க்க ஆறு மாதமாவது வேண்டும், பலரிடம் ஓராண்டு. முடி தன் கணக்கில்தான் வளரும். அதை எந்த ஆணையமும் வேகப்படுத்த முடியாது.

பாதுகாப்பும் இருக்கிறது. நான் சொன்ன அந்த இரண்டு மாத்திரைகளிலும் தீவிரத் தொற்று, ரத்தக்கட்டு பற்றிய எச்சரிக்கையைப் பெட்டி கட்டியே அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளைகள் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கலாம். இதைப் பொறுமையாக ஆராய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

காத்திருக்கும் வீட்டுக்குள் நுழைகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அத்தான் ஆன்லைனில் ஒரு பழுப்பு நிறப் புட்டி வாங்கினார். மூன்று வாரத்தில் முடி என்று சொல்லி விற்றார்கள். புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது, தயாரித்த இடம் கிடையாது. இரண்டாம் வாரம் பிள்ளையின் தலை சிவந்து, காதுக்குப் பின்னால் நீர் கோத்தது. மூன்று வாரத்தில் முடி என்று யாராவது சொன்னால், அந்தத் தைப்பூச மொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரும்பாலோர் கேட்பது பரம்பரை வழுக்கையைப் பற்றி. அதற்குக் கொடுக்கும் மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்ததால், தலையில் தடவும் மருந்தாக 1988இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்றது. ஃபினாஸ்டிரைடு 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்து, 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் வந்தது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே புதிய மருந்து எதுவும் இல்லை. 2020இல் முகப்பரு கிரீமாக ஒப்புதல் பெற்ற கிளாஸ்கோடெரோனைத் தலையில் தடவும் சோதனைகள் மூன்றாம் கட்டம் வரை வந்திருக்கின்றன. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

நேரமாகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெண்களுக்கென்று தனியாக எழுதி வந்திருந்தேன், இரண்டே வார்த்தை. பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். வீட்டில் யாராவது ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டால், கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூட வேண்டாம். அப்புறம், மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்துவதற்கு முன் உங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் அக்கா மகள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். போன வாரம் புருவத்தில் நாலைந்து முடி தெரிவதாகப் படம் அனுப்பினாள். வணக்கம்.