கடைசி ஆள் வரும்வரை

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நம் சிங்கப்பூரின் வட்டாரங்களில் நடைபெறும் சிறிய குறுக்கோட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, எவ்வளவு நேரம் தருவீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். இந்தப் பேச்சை நான் எடுத்தாலே என் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவது வழக்கம். வானொலியில் அந்தக் கவலை இல்லை, நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

பதக்கமும் தேசியச் சாதனையும் பேசப்படும் பெரிய போட்டிகளை நான் சொல்லவில்லை. சமூக மன்றமோ ஒரு நண்பர் குழுவோ ஏற்பாடு செய்யும் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டம். நீர்த்தேக்கத்தை ஒட்டிய மண்பாதை, கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் சேறு, முடிவில் ஒரு வாழைப்பழமும் தண்ணீர்ப் புட்டியும். இத்தகைய ஓட்டம் நன்றாக நடந்ததா இல்லையா என்பதை, கடைசியில் வருபவரை அது எப்படி நடத்தியது என்பதைக் கொண்டே சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. இதை இன்னும் ஓரிரு முறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலோர்க்கு ஓட்டம் என்றதும் நினைவுக்கு வருவது 2.4 கிலோமீட்டர்தான். உயர்நிலைப் பள்ளியின் உடலுறுதித் தேர்வில் அந்தத் தூரம், பிறகு ஆண்களுக்குத் தேசிய சேவை எனும் கட்டாயப் பணியிலும் அதே தூரம். நாற்பது வயதானவரும் தம் பதினெட்டாம் வயதில் ஓடிய நேரத்தை வினாடி பிசகாமல் ஒப்பிப்பார். அந்தக் கணக்கைக் காட்டுக்குள் கொண்டுவந்தால் தொல்லைதான். ஓடுதளத்தில் ஓர் அடியும் அடுத்த அடியும் ஒன்றுபோல இருக்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் மண்பாதையில் அப்படியில்லை. மரங்கள் வேர்களை ஆழத்துக்கு அனுப்பாமல் பக்கவாட்டில் பரப்புகின்றன. காலடிகளும் மழையும் சேர்ந்து மேல்மண்ணை அரித்துவிட, வேர்கள் பாதையின் குறுக்கே புடைத்து நிற்கின்றன. மழைக்கு மறுநாள் அவற்றின்மீது கால் வைப்பது எண்ணெய் தடவிய குழாயின்மீது வைப்பதற்குச் சமம். ஆகவே பார்வை சில அடி முன்னே தரையிலேயே இருக்க வேண்டும், எட்டுகள் குட்டையாக வேண்டும், செங்குத்தான ஏற்றத்தில் தாராளமாக நடக்கலாம். அங்கே நடப்பதை இழுக்காகக் கருதி மூச்சைப் பிடித்து ஓடியவர்களை, அடுத்த இறக்கத்தில் தொடை தளர்ந்து தடுமாறும்போது நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரின் காற்றையும் சொல்ல வேண்டும். 1982 தொடக்கத்தில் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இங்கே விடிவதற்கே ஏழு மணி ஆகிறது. வெளிச்சம் வராமல் காட்டுக்குள் ஆள்களை அனுப்ப முடியாது. ஏழரை மணிக்கு வெப்பம் தாங்கக்கூடியதாகவே தோன்றும், ஆனால் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் தணியும். அந்தக் காற்றில் அது ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மரநிழலில் வெயில் படுவதில்லை, காற்றும் வீசுவதில்லை.

இந்தக் காற்றில் பயிற்சி செய்துதான் பி.சி. சுப்பையா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். 1973இல் 31 நிமிடம் 19 வினாடியில் அவர் படைத்த தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. கே. ஜெயமணி 1983 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மாரத்தான் நெடுந்தொலைவோட்டத்தில் தங்கம் வென்றார். இவர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நம் பேச்சு எப்போதும் முன்னால் ஓடியவர்களோடு நின்றுவிடுகிறது என்பதே என் குறை.

ஆகவே பின்னால் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மெக்ரிட்சியில் நடந்த ஓட்டமொன்றில் ஒரு திருப்பத்தில் வழிகாட்டும் தொண்டூழியனாக நான் நின்றிருந்தேன். எங்கள் புளோக்கில் வசிக்கும் ஓர் அம்மையார், அறுபதைக் கடந்தவர், பேரனின் பையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்; நீங்களும் வாருங்களேன் என்று யாரோ சொன்னதும், எண் அட்டையைச் சுடிதாரில் குத்திக்கொண்டு, பையையும் விடாமல் புறப்பட்டுவிட்டார். அது சிவப்பு நெகிழிப் பை. நெகிழிப் பை என்றாலே தீனி என்று அங்குள்ள நீள்வால் குரங்குகள் கற்று வைத்திருக்கின்றன. குரங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம் என்றாலும், கொடுப்பவர்கள் இருந்ததால்தானே அவை கற்றுக்கொண்டன? நான் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குரங்கு இறங்கி வந்து பையின் ஒரு காதைப் பற்றியது. அம்மையார் மறு காதை விடவில்லை. பை கிழிந்து, பேரனின் ஈரத்துண்டும் ஒரு ஜோடிக் காலுறையும் சேற்றில் விழுந்தன. குரங்கு காலுறையை எடுத்து முகர்ந்தது. பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு மரமேறிவிட்டது.

எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த தொண்டூழியர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"நீ முன்னாடி போ தம்பி. எனக்காக ஏன் நின்னு நின்னு வர்றே?"

"எனக்கு இதுதான் வேலை ஆன்ட்டி. உங்களுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்தா, ஆள எங்கேன்னு கேப்பாங்க."

"நான் மெதுவாத்தானே போவேன்?"

"போங்க ஆன்ட்டி. எனக்குப் பரோட்டா எடுத்து வச்சிருப்பாங்க."

அவர்கள் வந்து சேர்ந்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, முடிவுக்கோட்டில் காற்றடைத்த வளைவு நிமிர்ந்தே நின்றது, அம்மையாருக்குரிய வாழைப்பழம் மேசையில் இருந்தது. வேறோர் ஓட்டத்தில், பெயர் வேண்டாம், கடைசி நால்வர் வருவதற்குள் வளைவில் காற்றை இறக்கி மடித்துக்கொண்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். சிறப்பு விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்பார்கள். அவருக்கு எப்போதுதான் அடுத்த நிகழ்ச்சி இல்லை? ஐந்து கிலோமீட்டரை முதல் ஆள் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிப்பார். நடந்தே வருபவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள்தான். பரிசளிப்பை அதற்குப் பிறகு வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மேலும், பின்னால் ஓர் ஆள் வராவிட்டால், காட்டுக்குள் இன்னும் யார் இருக்கிறார், யாருக்குக் கணுக்கால் பிசகியது என்பது எவருக்கும் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன்: கடைசி ஆளுக்கான ஏற்பாட்டைத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.

காலணி, காலை உணவு, மின்னல் என்று மூன்றைக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். மின்னலை விட முடியாது. உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் நம் தீவும் ஒன்று. இடி கேட்டால் மரத்தடியிலோ கூடாரத்தடியிலோ ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள், ஏற்பாட்டாளர் ஓட்டத்தை நிறுத்தினால் அவரோடு வாதாடாதீர்கள். காலணிக்கு அடி தேயாமல் இருந்தால் போதும். புதிதாக வாங்கியதை அன்றைக்கே முதன்முதலாகப் போட வேண்டாம். உணவைப் பற்றிப் பேச நேரமில்லை. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.