திருடன் வந்த பிறகு சுவர் ஏறுவது யார்?

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜி ஆடுகிறவர்களிடம் கிளாஸ் (பாத்திரத்தின் தொழில் வகை) பற்றிப் பேச்செடுத்தால், அது சீக்கிரமே ‘எந்த கிளாஸ் அதிகம் அடிக்கும்’ என்பதில் போய் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்குக் காகிதத்திலேயே விடை கண்டுவிடலாம். அதை முதலில் முடித்துக்கொண்டு, கணக்கில் அகப்படாத விஷயத்துக்கு வருகிறேன்.

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் முதல் லெவல் (தொடக்கப் படி) ஃபைட்டர், அதாவது சண்டைக்காரர். தாக்குதல் போனஸ் 5, எதிரியின் கவச எண் (அடி பட, பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 13. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 65 சதவீதம். சேதம் எட்டு முகப் பகடை ஒன்றும் கூட 3-உம் என்றால் சராசரி 7.5. பெருக்கினால் ஏறக்குறைய 4.9. பகடையில் 20 விழும்போது கிடைக்கும் உபரிப் பகடையையும் சேர்த்தால் சுற்றுக்கு 5.1. இதுதான் உங்கள் முழக்கோல். நீங்கள் எழுதிய புது கிளாஸ் அதே லெவலில் எல்லாச் சுற்றிலும் 7 கொடுத்தால், அந்த உபரி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ‘இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடு’ என்ற வரி எங்காவது நிபந்தனையில்லாமல் கிடக்கும். பார்க்கச் சின்னச் சலுகைதான். ஆனால் அந்த 65 சதவீதத்தை அது கிட்டத்தட்ட 88 ஆக்கிவிடுகிறது.

கணக்கு அவ்வளவுதான். இனி கஷ்டமான பகுதி.

1974-இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது கிளாஸ் மூன்றே மூன்று: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் (குணப்படுத்தும் மதகுரு). அடுத்த ஆண்டு வந்த கிரேஹாக் துணைநூல் திருடனைச் சேர்த்தது. அதுவரை யாராவது ‘நான் நிழலில் ஒளிந்துகொள்கிறேன்’ என்றால், ஆட்டத்தை நடத்தும் நடுவர் சூழ்நிலையைப் பார்த்து முடிவு சொல்வார். ஒளிவதும் சுவர் ஏறுவதும் திருடனின் பட்டியலில் ஏறியதும், ‘அது அவன் வேலை, உன்னால் முடியாது’ என்ற வாதம் பல மேசைகளில் பிறந்தது. சரி, திருடனாவது ஒளிவதை நன்றாகச் செய்தானா? 1981 பேசிக் தொகுதியில் முதல் லெவல் திருடன் நிழலில் ஒளிய 10 சதவீத வாய்ப்பு. ஹிட் பாயின்டுக்கு (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) நான்கு முகப் பகடைதான். மற்றவர்களுக்கு வாசலை அடைத்துவிட்டு, திறந்துவிட்டவனையும் பத்தில் ஒன்பது தடவை தடுக்கி விழ வைத்தார்கள்.

ஒரு கிளாஸுக்கு எழுதித் தரும் ஒவ்வொரு திறமையும் மற்ற எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் பறிக்கிறது. கிளாஸ் விவாதங்களில் இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தப்பிக்க வழி உண்டு. ‘சுவர் ஏறலாம்’ என்று எழுதாதீர்கள். கயிறும் நேரமும் இருந்தால் யாரும் ஏறலாம் என்பது பொது விதியாக இருக்கட்டும். திருடனுக்கு ‘கயிறில்லாமல், பிடிமானமில்லாத சுவரில், ஒரு கையில் கத்தியோடு ஏறலாம்’ என்று எழுதுங்கள். மற்றவர் முயன்றுகூடப் பார்க்க முடியாத இடத்தில் அவன் திறமை தொடங்கட்டும்.

இதற்கு நேரெதிரான குழியும் இருக்கிறது. 2014 பதிப்பின் ரேஞ்சர் (காட்டு வழிகாட்டி) இருந்தால், அவர் பழகிய நிலப்பரப்பில் மந்திரத்தால் தவிர குழு வழிதவறாது, கரடுமுரடான தரை பயணத்தைத் தாமதப்படுத்தாது, உணவு தேடினால் இரட்டிப்பாகக் கிடைக்கும். காட்டில் பிழைத்து நடக்கும் காட்சிகளுக்காகவே ஒருவர் ரேஞ்சரை எடுக்கிறார். இந்தத் திறமை அந்தக் காட்சிகளையே அழித்துவிடுகிறது. பழகாத நிலத்திலோ அது எதற்கும் உதவாது. 2020 துணைநூல் இதற்குப் பதிலாக வேறு திறமை எடுக்க வழி விட்டது. திறமை என்பது சிக்கலுக்குள் புதிய தேர்வுகளைத் தர வேண்டும். சிக்கலையே துடைத்துவிட்டால் ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது ஓய்வு. ‘விஸார்ட் (மந்திரவாதி) பலமா, ஃபைட்டர் பலமா’ என்ற சண்டையில் இரு தரப்பும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு மேசைகளைப் பற்றி. ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு 9 ஸ்லாட் (செலவழித்து மந்திரம் போடும் இடங்கள்; பெரும்பாலும் நீண்ட ஓய்வுக்குப் பிறகே திரும்பும்). அவற்றில் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் போட ஏற்றவை 2. ஃபயர்பால் ஒன்றுக்கு ஆறு முகப் பகடை எட்டு, சராசரி 28, அதுவும் வட்டத்துக்குள் நின்று தப்பாத ஒவ்வொருவருக்கும். 2014 நடுவர் வழிகாட்டி ஒரு நாளுக்கு 6 முதல் 8 மோதல்கள் என்று கணக்கு வைத்தது. ஆறு மோதல், மோதலுக்கு மூன்று சுற்று என்றால் 18 சுற்று. அதில் இரண்டு மூன்றில்தான் ஃபயர்பால். அதே மேசையில் நாளுக்கு ஒரே மோதல் நடந்தால், மூன்றில் இரண்டு சுற்று ஃபயர்பால்! ஃபைட்டர் எப்படிப் போட்டி போடுவார்? இன்னொரு மந்திர கிளாஸான வார்லாக்கின் கதை வேறு. அவருக்கு இரண்டே ஸ்லாட், ஆனால் சிறு ஓய்வு எடுத்தாலே திரும்பிவிடும். நாளில் இரண்டு சிறு ஓய்வு கிடைத்தால் ஆறு மந்திரம், ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டு. ஆகவே விவாதம் தொடங்கும் முன் மூன்று எண்களை எழுதி நடுவில் வையுங்கள்: லெவல், நாளுக்கு எத்தனை மோதல், எத்தனை ஓய்வு. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

கிளெரிக் பற்றி ஒரு வார்த்தை. குணப்படுத்துவது யாருக்கும் பிடிக்காத வேலையானதற்குக் காரணம், அது ஒரு சுற்றில் அவர் ஆடக் கிடைக்கும் முறை முழுவதையும் விழுங்கியதுதான். 2008 பதிப்பில் ‘ஹீலிங் வேர்ட்’ என்ற குணப்படுத்தும் திறமை ஒரு சிறு செயலானது. அதே முறையில் கிளெரிக் அடிக்கவும் முடிந்தது. எண் எதையும் கூட்டாமல், செயலின் விலையை மட்டும் மாற்றியே ஒரு கிளாஸைக் காப்பாற்றலாம்.

மல்டிகிளாஸ் (ஒரே பாத்திரம் பல கிளாஸில் லெவல் எடுப்பது) அனுமதித்தால் நல்லதையெல்லாம் முதல் லெவலில் குவிக்காதீர்கள். ஒரே ஒரு லெவல் எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடிவிடுவார்கள். அடையாளத்தைக் காட்டும் திறமை முதல் லெவலில் சிறிய வடிவில் இருக்கட்டும்; அது உங்கள் கிளாஸின் லெவலோடு வளரட்டும், மொத்த லெவலோடு அல்ல.

எழுதி முடித்ததும் தாளில் கிளாஸ் பெயரை மறைத்து, உங்கள் விளக்கம் எதையும் கேட்காத ஒருவரிடம் கொடுத்து மூன்று மோதலும் சண்டையில்லாத ஒரு காட்சியும் ஆடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். தொடர்ந்து நான்கு சுற்று அவர் ஒரே செயலைச் செய்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சண்டையில்லாத காட்சியில் அவர் தாளைப் பார்க்கவே இல்லையென்றால் அதையும். கடைசியில் மேசையிலிருந்த மற்றவர்களிடம், ‘இவர் யார், இவர் இல்லாதிருந்தால் எங்கே மாட்டியிருப்பீர்கள்?’ என்று கேளுங்கள்.